முதல் சம்பவம் நடந்த தேதி

ஜூன் 9, திங்கள்

ஏட்டு ஜெபமணி சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். "என்னிக்கு, எத்தன மணிக்கு, என்ன நடந்துச்சுன்னு தேதி போட்டு எழுதி வைங்கம்மா. வாயால சொன்னா கேஸு நிக்காது" என்றார். சிமெண்டுக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஆறு மாதமாகப் பீரோ மேல் கிடந்தது. தூசியைத் தட்டி எடுத்தாகிவிட்டது.

என் பெயர் சண்முகவடிவு. கோவில்பட்டியில் 'வடிவு டிரைவிங் ஸ்கூல்' நடத்துகிறேன், பதினெட்டு வருடமாக. கீழே ஆபீஸ், மாடியில் வீடு. ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை ஷட்டரை இறக்கிவிட்டு மாடியில் சாப்பிட்டுப் படுப்பேன். இன்றைக்கு நாலு மணிக்கு இறங்கி வந்தால், வாசல் போர்டில் நான் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருக்கும் படம் இருக்கிறதே, அதில் என் மூஞ்சி முழுக்கச் சாணி. எடுத்து வீசியது இல்லை. கையால் அப்பி, நன்றாகத் தேய்த்திருக்கிறது. விரல் தடம்கூடத் தெரிந்தது.

அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

"யாரு மேலயும் சந்தேகம் இருக்கா?"

"எதிர்த்த பரோட்டாக் கடை கருத்தப்பாண்டி. அவன் கடைக்கு வர்றவன் பூராவும் என் சுவத்துலதான் ஒண்ணுக்கு அடிக்கான். போன மாசம்தான் சத்தம் போட்டேன்."

"இதுக்கு முன்னாடி ஏதும் நடந்திருக்கா?"

"எதுவுமே இல்ல. இதுதான் முதல் சம்பவம்."

ஏட்டு எழுதிக்கொண்டார். நானும் எழுதிவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. இன்னும் வாடை போகவில்லை.

ஜூன் 12, வியாழன்

கொத்தனாரை வரவழைத்துக் காம்பவுண்டுச் சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்தேன். பாட்டிலை நானே சாக்கில் போட்டு உடைத்துக் கொடுத்தேன். உடைக்க உடைக்க மனதுக்கு இதமாக இருந்தது. சுவருக்கு மேலே கறுப்புக் கிரீஸ் தடவச் சொன்னேன். எவன் கை வைத்தாலும் வழுக்கி விழுந்து பல் உடையட்டும்.

இந்தச் சுவருக்கு நான் படுகிற பாடு அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். மே மாதக் கடைசியில்தான் பெயிண்ட் அடித்து, ரோட்டு விதிப் படம் எல்லாம் வரைந்து வைத்தேன். நாலு நாள் ஆகவில்லை, எவனோ 'ஹாரன் அடிக்காதே' படத்தின் மேலேயே போஸ்டர் ஒட்டிவிட்டுப் போய்விட்டான். அதைச் சுரண்டி எடுக்க ஒரு காலைப் பொழுது போயிற்று. இப்போது இது.

மத்தியானம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், இவர், கேட்டார்: "வடிவு, அன்னிக்கு நீ சொரண்டுன போஸ்டர்ல என்ன பேரு போட்டிருந்துச்சு, பாத்தியா?"

"எவன் பேரா இருந்தா எனக்கென்ன? என் சுவரு, என் பெயிண்டு."

"இல்ல, எங்க தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாக்குற ஒரு பொம்பள..."

அதற்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து போன் வந்துவிட்டது. பேசி முடித்துத் திரும்பினால் இவர் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. போன மாதம் ஏதோ சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போய்விட்டு வந்ததிலிருந்தே ஆள் உம்மென்றுதான் இருக்கிறார். இவருக்கு வீட்டில் நடப்பதைவிடத் தீப்பெட்டி ஆபீஸ் கவலைதான் பெரிது.

ஜூன் 14, சனி

இன்றைக்குக் கார்.

டிரைவிங் ஸ்கூல் காரின் பின்கதவில் என் படம் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அதில் முகத்தை மட்டும் சுரண்டி எடுத்திருக்கிறது. 'வடிவு டிரைவிங் ஸ்கூல்' என்ற எழுத்து அப்படியே இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது, கழுத்துக்குக் கீழே சேலை இருக்கிறது. முகம் இருந்த இடத்தில் வெறும் தகரம். ஆணி வைத்துக் கீறிய மாதிரி இல்லை. நகத்தால் பொறுமையாகப் பிய்த்த மாதிரி இருக்கிறது.

பட்டப்பகலில், ரோட்டோரத்தில், பத்து நிமிடம் நின்று இதைச் செய்திருக்கிறான். ஊரில் ஒருத்தன் ஏன் என்று கேட்கவில்லை. நல்லா இருப்பீகளா!

செல்போனில் படம் எடுத்துப் போய் ஸ்டேஷனில் காட்டினேன். "மொகத்த மட்டும் எடுத்திருக்கானே" என்று ஏட்டு இரண்டு தடவை சொன்னார். ஆமாம், அதைத்தான் நானும் சொல்கிறேன். இது வண்டி மேல் உள்ள கோபம் இல்லை, என் மேல் உள்ள கோபம். பொம்பளை வண்டி ஓட்டினால் பொறுக்காத ஜென்மம் எதுவோ.

ஜூன் 15, ஞாயிறு

சாமி டைல்ஸ் வாங்கி வந்து சுவர் நெடுகப் பதித்தாயிற்று. பிள்ளையார், முருகன், மாரியம்மன், மாதா, மெக்கா. ஒரு மதத்தையும் விடவில்லை. எந்த மதத்துக்காரன் வந்தாலும் அவன் சாமியைப் பார்த்ததும் கை தானாகக் கீழே இறங்க வேண்டும்.

"இது வேலைக்கு ஆகுமாக்கா?" என்று கொத்தனார் கேட்டார்.

"ஆகும். ஒரு படத்துல மொகம்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. மனுசனா பொறந்தவன் அதுல கை வைக்க மாட்டான்."

இவர் பக்கத்தில்தான் நின்றார். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

ஜூன் 17, செவ்வாய்

காலை பேட்ச்சில் இரண்டு பெண்கள் வரவில்லை. போன் போட்டால் ஒருத்தியின் மாமியார் எடுத்து, "உங்களுக்கும் யாருக்குமோ தகராறாம்ல. மூஞ்சில சாணி அடிச்சிட்டாகளாம். எங்க வீட்டுப் பிள்ளைய அந்தக் கார்ல எப்பிடி அனுப்ப?" என்று கேட்கிறாள். போனை வைத்துவிட்டேன்.

பதினெட்டு வருடம். இந்த ஊரில் பொம்பளைப் பிள்ளை கிளட்ச் மிதித்தால் சிரித்த காலத்தில் ஆரம்பித்தேன். எத்தனை பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், கணக்கே கிடையாது. இந்தப் பெயரை ஒருத்தன் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் போக நான் விட மாட்டேன். அவன் கையில் விலங்கைப் பார்க்காமல் இந்த டைரியை மூட மாட்டேன்.

ஜூன் 19, வியாழன்

என் மகள் சிவகாமி பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்ததற்கு என் மாணவிகள் ஒரு பேனர் வைத்தார்கள். அவள் படம் ஒரு பக்கம், என் படம் ஒரு பக்கம். மாடிப்படிக்குக் கீழே, கேட்டுக்கு உள்ளே கட்டியிருந்தது. இன்றைக்கு மூன்றரைக்கு இறங்கிப் பார்த்தால் என் முகத்தைக் கிழித்திருக்கிறது.

கேட்டுக்கு உள்ளே! கண்ணாடிச் சில்லு, கிரீஸ், அஞ்சு சாமி, எல்லாவற்றையும் தாண்டி. ஏறிக் குதிக்கவே இல்லை, கேட்டைத் திறந்து நேராக உள்ளே வந்திருக்கிறது. நான் சுவருக்கெல்லாம் காவல் போட்டுவிட்டுக் கேட்டுக்குப் பூட்டுப் போடவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏட்டு நேரிலேயே வந்தார். பேனர் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"உங்க மகதானம்மா இது?"

"ஆமா."

"இம்புட்டு கிட்டத்துல இருக்கு. ஓரத்துலகூட ஒரு கீறல் இல்ல. உங்க மொகத்தக் கிழிக்கும்போது பிள்ள படத்துமேல படாம இன்னொரு கையால ஒதுக்கிப் பிடிச்சிருக்கு, பாருங்க. இந்த மடிப்பு."

"அதுக்கென்ன இப்ப?"

"ஆம்பள செஞ்ச வேல மாதிரி தெரியலம்மா."

கருத்தப்பாண்டிக்குப் பெண்டாட்டி இருக்கிறாளே, அதை யாராவது யோசித்தார்களா?

ஜூன் 20, வெள்ளி

கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். பேனரை அவிழ்க்கச் சொன்னேன், சிவகாமி அழுதாள்.

ஜூன் 23, திங்கள்

இன்றைக்கு அடக்க முடியவில்லை. வெளியே வந்து பார்த்தால் போர்டில் மறுபடியும் சாணி. நேரே எதிர்ப்பக்கம் போனேன். கருத்தப்பாண்டி கடை வாசலில் மாவு பிசைந்துகொண்டிருந்தான். நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அவன் மாவுக் கையோடு எழுந்து நின்றான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னான்:

"யக்கா, நம்ம கடை வாசல்ல கேமரா இருக்கு. உங்க சுவத்தப் பாத்துதான் இருக்கு. முப்பது நாள் ரெக்கார்டு நிக்கும். நாளைக்கு ஏட்டய்யாவக் கூட்டிட்டு வாங்க. நான்னு தெரிஞ்சா என் கைய நீங்களே வெட்டுங்க."

"இத இம்புட்டு நாளா ஏன்டா சொல்லல?"

"நீங்க என்னயப் பேச விட்டாத்தானக்கா."

ஜூன் 24, செவ்வாய்

காலை பதினொரு மணி. பரோட்டாக் கடையின் உள்ளே, வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் டிவி. நான், ஏட்டு, கருத்தப்பாண்டி. இவரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். நான் கூப்பிடவே இல்லை.

முதலில் கருத்தப்பாண்டி பதினாலாம் தேதியைப் போட்டான். மத்தியானம் இரண்டேகால். ஒரு பொம்பளை வருகிறாள். ஐம்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு, கையில் தூக்குவாளி. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காரின் பின்கதவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். அவசரமே இல்லை. பாத்திரம் விளக்குவதுபோலச் சுரண்டினாள். முடித்ததும் கீழே விழுந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி முந்தியில் முடிந்துகொண்டு போனாள்.

எனக்கு அவளைத் தெரியவே தெரியாது. முன்பின் பார்த்ததில்லை.

"பேச்சித்தாயி" என்றார் இவர். "எங்க ஆபீஸ்ல குச்சி அடுக்குறவ."

"உங்க ஆபீஸா? உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா இம்புட்டு நாளா..."

"சந்தேகம்தான். சொல்ல வந்தேன்."

ஏட்டு கேட்டார்: "இந்தம்மாவுக்கு உங்கமேல என்ன கோவம்?"

"எனக்கென்ன தெரியும்? பைத்தியமா இருக்கும். உள்ள தூக்கிப் போடுங்க."

"கேஸ் ஆனா ஆபீஸ்ல வேலைய விட்டு நிறுத்திருவாக" என்றார் இவர். "அவளுக்கு இப்ப அது ஒண்ணுதான் இருக்கு."

"நிறுத்தட்டும்!"

அப்போது கருத்தப்பாண்டி, "யக்கா, கோவிச்சுக்கிடாதீக. ரெண்டாந் தேதியையும் ஒருவாட்டி பாத்திருங்க" என்று பின்னால் ஓட்டினான்.

ரெண்டாம் தேதி காலை ஏழு மணி. என் சுவர் தெரிகிறது. சுவரில் ஒரு போஸ்டர். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி வருகிறாள். கையில் பெயிண்டர் சுவர் சுரண்டுகிற பட்டித் தகடு.

"இது யாரும்மா?" என்றார் ஏட்டு. அவருக்குத் தெரியும். கேட்டார்.

"நான்தான்."

படத்தில் சத்தம் கிடையாது. என் வாய் திறந்து திறந்து மூடியது. சுரண்டுகிறேன், பேசுகிறேன், திரும்பி ரோட்டைப் பார்த்துக் கையை நீட்டிப் பேசுகிறேன். படத்தின் ஓரத்தில், கேமராவுக்குக் கிட்டே, ஒரு தூக்குவாளி தெரிந்தது. அதைப் பிடித்திருக்கும் கை தெரிந்தது. அந்தக் கை கடைசி வரைக்கும் அசையவில்லை.

"என்ன பேசுனீகன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றான் கருத்தப்பாண்டி. "வெங்காயம் உரிச்சிட்டு இருந்தேன்."

"போதும். நிறுத்து."

ஜூன் 25, புதன்

ஸ்டேஷனுக்கு அவளை வரச் சொல்லியிருந்தார்கள். நான் கோபத்தோடுதான் போனேன், எழுதுவதற்கு என்ன வெட்கம். ஒரு போஸ்டரைக் கிழித்ததற்கு இவ்வளவா என்று கேட்க நினைத்துத்தான் போனேன்.

பேச்சித்தாய் பெஞ்சில் உட்காரவில்லை, சுவரோரம் நின்றாள். ஏட்டு கேட்பதற்கு முன்னாலேயே, "நான்தான்யா செஞ்சேன். எல்லாம் நான்தான். விட்டா இன்னமும் செய்வேன்" என்றாள்.

"ஏம்மா, சுவத்துல ஒட்டுன ஒரு பேப்பருக்கா?" என்றேன்.

"பேப்பரா?" என் பக்கம் திரும்பினாள். குரல் உயரவே இல்லை. "பதினாறாம் நாளு காரியத்துக்கு ஊருக்குள்ள பத்து இடத்துல ஒட்டச் சொன்னேன். உங்க சுவத்துக்கு மட்டும் நானே வந்து ஒட்டுனேன். அவன் வண்டி பழகுன எடம்னு. காலைல நல்லா ஒட்டியிருக்கான்னு பாக்க வந்தேன். தகட்ட எங்க வச்சீக நீங்க? ஓரத்துல வச்சீகளா? பேர்ல வச்சீகளா? நேரா எம்பிள்ள கண்ணுல வச்சீக."

"யாரு உம்பிள்ள? எனக்குத் தெரியாதே. மகேந்திரவேல்னு யாரையும்..."

பெயர் என் வாயிலிருந்து வந்துவிட்டது. அப்படியென்றால் அன்றைக்கு நான் அந்தப் பெயரைப் படித்திருக்கிறேன்.

"மகேந்திரவேல்னா உங்களுக்கு எப்பிடித் தெரியும். கேட்டு, கேட்டுன்னுதான கூப்பிடுவீக."

கேட்டு.

மூன்று வருடத்துக்கு முந்தைய பேட்ச். ரயில்வே கேட் திறந்ததும் நடுத் தண்டவாளத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்க, என்னைப் பார்த்து 'ஈ' என்று இளித்தானே, அவன். நான் அப்படிச் சிரித்தது அந்த வருடத்திலேயே அன்றைக்குத்தான். அன்றையிலிருந்து அவன் கேட்டுதான். சொந்தப் பெயரைச் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"மஞ்சக்காமாலை. ஒம்பதே நாளு" என்றாள். "அவனுக்கு ஒழுங்கா எடுத்த போட்டோ அந்த ஒண்ணுதான். லைசென்சுக்குன்னு நீங்கதான் எடுக்கச் சொன்னீக. காலர் பட்டன போடுல, தலைய சீவுலன்னு நீங்க சொன்னத வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். அதத்தான் போஸ்டர்ல போட்டேன்."

ஏட்டு பேனாவை மூடி வைத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். வண்டியை எடுக்கும்போது கிளட்ச்சை விட்டுவிட்டேன், இரண்டு தடவை நின்றது.

வீட்டுக்கு வந்து இவர் மேல்தான் பாய்ந்தேன். "தெரிஞ்சும் ஏன் சொல்லல, ஏன் சொல்லல" என்று கத்தினேன். "அன்னிக்கு சோத்துக்கு முன்னால ஆரம்பிச்சேன் வடிவு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஜூன் 27, வெள்ளி

அச்சாபீஸில் அந்தப் போஸ்டரின் பைல் இருந்தது. ஒன்று போடச் சொல்லி வாங்கினேன். காலர் பட்டன் போட்டிருக்கிறான், தலை சீவியிருக்கிறான், சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறான். அச்சாபீஸ் வாசலில் நின்று இவ்வளவு நேரம் அந்த முகத்தைப் பார்த்தது இன்றைக்குத்தான்.

பேச்சித்தாய் வீட்டுக்குப் போனேன். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. போஸ்டரை விரித்துக் காட்டினேன்.

"எங்க சுவத்துல நானே ஒட்டுதேன். அதே எடத்துல. தப்பு என்னுதுதான்."

அவள் என் கையிலிருந்து அதை வாங்கி, சுருக்கம் விழாமல் சுருட்டிக்கொண்டாள்.

"வேண்டாம். இன்னொருக்க எவளாச்சும் வந்து கிழிப்பா. நீங்க காவல் இருப்பீகளா?"

இருப்பேன் என்று சொல்ல வாய் வந்தது. கண்ணாடிச் சில்லும் கிரீஸும் ஞாபகத்துக்கு வந்தன. சொல்லவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 28, சனி

புகாரை வாபஸ் வாங்கிவிட்டேன். கருத்தப்பாண்டியிடம் போய், ஜனங்கள் பஸ்ஸுக்கு நிற்கிற நேரமாகப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மன்னிப்புக் கேட்டேன். திட்டியது சத்தமாக என்றால் இதுவும் சத்தமாகத்தான் இருக்க வேண்டும். அவன் ஒரு டீ கொடுத்தான்.

ஸ்டேஷனில் ஏட்டு டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் வெவரமாத்தான் எழுதியிருக்கீக. ஆனா ஆரம்பம் தப்பா இருக்கேம்மா. முதல் சம்பவம் ஒம்பதாந் தேதின்னு போட்டிருக்கீக."

சரிதான். தப்புத்தான். இதோ, திருத்தி எழுதுகிறேன்.

ஜூன் 2, திங்கள்

காலை ஏழு மணி. எங்கள் காம்பவுண்டுச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டியிருந்தது. பெயிண்டர் விட்டுப்போன பட்டித் தகட்டை எடுத்துச் சுரண்டினேன். பசை நன்றாக ஊறவில்லை, அதனால் முகம் முழுதாக வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. முதலில் கண்ணில் வைத்தேன். பெயரைப் படித்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. கிழிந்ததைக் காலால் சாக்கடையில் தள்ளினேன்.

அப்போது ரோட்டைப் பார்த்து நான் சொன்னது: "செத்தவனுக்கு ஒட்ட என் சுவருதான் கெடச்சுதா? அவன் அம்மா நெத்தியில ஒட்ட வேண்டியதுதான!"

இதுதான் முதல் சம்பவம். செய்தது சண்முகவடிவு, வயது நாற்பத்தேழு. நேரில் பார்த்த சாட்சி பேச்சித்தாய். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். தூக்குவாளியில் கொஞ்சம் பசை மிச்சம் இருந்தது.